மா பொங்கும் நேரம் யாருடையது?

வீட்டில் பாண் போட்டுப் பார்க்கிற எங்கள் ஆட்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் வருகிற கேள்வி, "உங்களுக்கு மா பொங்குதா?" என்பதுதான். ஒருவர் ஈஸ்ற் பழசு என்பார். ஒருவர் வீடு குளிர் என்பார். இன்னொருவர் உப்புக் கூடிப்போச்சு என்பார். காரணங்கள் எல்லாம் சொல்லி முடிந்தபிறகு, கொஞ்சம் கைபழகிய ஒருவர் கடைசித் தீர்ப்பாக ஒன்றைச் சொல்லுவார்: "அதுக்குப் பொறுமை வேணும்."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றியது. பொறுமை என்ற சொல் சமையற்குறிப்பில் வந்தால் அது ஒரு கைமுறை ஆலோசனை. நீதிநூலில் வந்தால் அறம். மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிற அதிகாரியின் வாயில் வந்தால் அது கட்டளை. சின்ன வயதிலிருந்து எங்களுக்குப் புகட்டப்பட்ட நற்குணங்களில் இதுதான் முதலிடம் பெற்றது என்று நினைக்கிறேன். ஆனால் பொறுமை எப்போது நற்குணம், எப்போது ஏமாற்று என்று பிரித்துப் பார்க்க எவரும் சொல்லித் தரவில்லை. அதைப் பிரித்துப் பார்ப்பதற்குப் பாண் மா ஒரு நல்ல பொருள். ஏனென்றால் அங்கே காத்திருப்பு உண்மையாகவே வேலை செய்கிறது. அந்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம், மணிக்கூட்டால் அளக்கலாம்.

முதலில் மா எப்படிப் பொங்குகிறது என்று பார்ப்போம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுபடும் வலைபோல ஆகின்றன. குழைக்கக் குழைக்க அந்த வலை உறுதியாகும். அரிசி மாவிலோ குரக்கன் மாவிலோ இந்த வலை இல்லை. அதனால்தான் அவற்றை மட்டும் வைத்துப் பாண் போடமுடிவதில்லை. அதேநேரம் மாவிலுள்ள மாப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனியாக உடைகிறது. ஈஸ்ற் என்கிற உயிர் அந்தச் சீனியைத் தின்று காபனீரொட்சைட்டு வாயுவையும் கொஞ்சம் மதுசாரத்தையும் வெளிவிடுகிறது. வாயு வலைக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. மா பொங்குகிறது. இவ்வளவுதான் விசயம். ஈஸ்ற் உயிரோடு இருக்கவேண்டும், அதற்குத் தீன் இருக்கவேண்டும், அளவான சூடு இருக்கவேண்டும், வாயுவைப் பிடித்துவைக்கிற வலை இருக்கவேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தால் எவ்வளவு பொறுத்தாலும் மா பொங்காது.

கணக்காகச் சொல்வதானால், 500 கிறாம் மாவுக்கு 325 கிறாம் தண்ணீர், 10 கிறாம் உப்பு, 3 கிறாம் உலர்ந்த ஈஸ்ற் போதும். பச்சை ஈஸ்ற் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடுக்கவேண்டும். பாரிசில் சில பேக்கரிகளில் கேட்டால் அதை வெட்டித் தருவார்கள். தண்ணீர் கைக்கு இளஞ்சூடாக இருந்தால் சரி. 55, 60 பாகைச் சூட்டில் ஈஸ்ற் செத்துவிடும். உப்பு ஈஸ்ற்றின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் வலையை இறுக்கும். அதனால் உப்பை விடவும் முடியாது, கூட்டவும் முடியாது. பத்து நிமிடம் குழைத்து, ஈரத்துணியால் மூடி, 25 பாகையளவில் வைத்தால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் இருமடங்காகும். மார்கழி மாதத்தில் எங்கள் வீடுகளின் குசினியில் 17, 18 பாகைதான் இருக்கும். அங்கே மூன்று நான்கு மணித்தியாலம் செல்லும். தோசைமாவுக்கு நாங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த உபாயங்கள் எல்லாம் இங்கும் செல்லும். ஓவனின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம். ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரைபோட்டு வைக்கலாம். கம்பளியால் சுற்றலாம்.

பொங்கிய மாவை மெதுவாக அமத்தி, உருட்டி, மேற்தோல் இறுகும்படி வடிவமாக்கி, இன்னொருமுறை பொங்கவிடவேண்டும். விரலால் இலேசாகக் குத்திப் பார்த்தால், குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாகப் பாதி நிமிர்ந்தால் சுடலாம். நிமிரவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது. தீன் குறைந்து, வலை தளர்ந்து, ஓவனுக்குள் போனதும் அந்த மா இறங்கிவிடும். இந்தக் கடைசி விசயத்தைப் பொறுமையைப் புகழ்கிறவர்கள் சொல்வதில்லை. காத்திருப்புக்கும் ஒரு முடிவுநேரம் உண்டு. அதற்குமேல் காத்திருந்தால், அதுவரை சேர்ந்ததும் போய்விடும்.

இதுவரைக்கும் அறம் பற்றிய சிக்கல் எதுவும் இல்லை. ஒரு வீடு, ஒரு சட்டி மா, ஒரு விடுமுறை நாள். காத்திருக்கிறவரும் சாப்பிடுகிறவரும் ஒருவரே. அங்கே பொறுமை மலிவானது, இனிமையானதும்கூட. சட்டி பெரிதாகி, காத்திருக்கிறவர் ஒருவராகவும் சாப்பிடுகிறவர் வேறொருவராகவும் ஆகும்போதுதான் கேள்வி எழுகிறது.

மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனத்தின் முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், லண்டன் பாண் தொழிலாளிகளைப் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. அரசாங்கம் நியமித்த ட்றெமன்ஹீர் என்பவரின் 1860களின் அறிக்கைகளை வைத்து எழுதப்பட்டவை அவை. தொழிலாளி இரவு 11 மணியளவில் வேலை தொடங்குகிறான். அரை மணி, முக்கால் மணி நேரம் மாவைக் குழைக்கிறான். பிறகு மா பொங்கவேண்டும். அந்த நேரத்தில் அவன் மாத்தொட்டியை மூடியிருக்கிற பலகையின்மேல், கீழே ஒரு சாக்கை விரித்து, இன்னொரு சாக்கைச் சுருட்டித் தலைக்கு வைத்து, இரண்டு மணித்தியாலமளவில் படுக்கிறான். எழும்பினால் ஐந்து மணித்தியாலம் ஓயாத வேலை. வெட்டல், நிறுத்தல், உருட்டல், போறணையில் தள்ளல், எடுத்தல். விடிந்தபிறகு கூடையிலோ கைவண்டியிலோ பாணை வீடுவீடாகக் கொண்டுபோகிற வேலையும் பலருக்கு இருந்தது. அந்த அறைகளின் சூடு ஏறக்குறைய 24 முதல் 32 பாகை என்று அறிக்கை சொல்கிறது. மா பொங்குவதற்குத் தோதான சூடு அது.

அந்தப் பலகையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கீழே மா பொங்குகிறது, மேலே மனிதன் படுத்திருக்கிறான். மாவுக்கு வேண்டிய நேரம் அவனுக்குக் கிடைத்த நித்திரையின் அளவாகிறது. மா எழும்பினால் அவனும் எழும்பவேண்டும். லண்டன் வீட்டில் காலையில் சூடான பாணைப் பிய்க்கிறவர் மாவின் பொறுமையையும் அந்த மனிதனின் பொறுமையையும் ஒரே விலைக்கு வாங்குகிறார். முதலாவதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த அறிக்கைகள் வந்தபோது லண்டனில் பெரிய கொதிப்பு எழுந்தது. ஆனால் அது பெரும்பாலும் பாணில் படிகாரம் கலக்கப்படுகிறது, அழுக்கும் சிலந்திவலையும் விழுகிறது என்பதற்காக எழுந்த கொதிப்பு. 1863இல் வந்த சட்டம் பேக்கரிகளின் சுத்தத்தை ஒழுங்குபடுத்தியது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு 9 முதல் காலை 5 வரை வேலைசெய்வதைத் தடுத்தது. வளர்ந்தவர்களின் இரவு அப்படியே கிடந்தது.

பாரிசில் அந்த இரவைத் தொட்டது கம்யூன். 1871 ஏப்ரல் 20ஆம் திகதி பாரிஸ் கம்யூன் பேக்கரிகளில் இரவு வேலையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. முற்றுகையும் யுத்தமும் நடந்துகொண்டிருந்த நகரத்தில், தன் சொந்த ஆயுள் இன்னும் சில கிழமைகள்தான் என்ற நிலையில், ஒரு அரசு பாண் தொழிலாளியின் நித்திரையைப் பற்றி யோசித்திருக்கிறது. முதலாளிகள் எதிர்த்தார்கள். மே 28இல் கம்யூன் வீழ்ந்தது. ஆணையும் அதோடு போயிற்று. இரவு 10 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் பாண் தயாரிக்கும் வேலைக்குத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்ற சட்டம் பிரான்சில் வந்தது 1919 மார்ச் 28இல். இடையில் 48 வருடம். அந்த 48 வருடமும் தொழிலாளர் பொறுமை இல்லாதவர்களாக இருந்தபடியால்தான் சட்டம் வந்தது.

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் 1895இல் பேக்கரித் தொழிலாளரின் வேலையை நாளுக்கு 10 மணித்தியாலம், கிழமைக்கு 60 மணித்தியாலம் என்று மட்டுப்படுத்தியது. 1905இல் லொக்னர் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் செல்லாதென்றது. தொழிலாளி கூடநேரம் வேலைசெய்ய ஒப்புக்கொள்வது அவனுடைய சுதந்திரம், அதில் அரசு தலையிடலாகாது என்பது பெரும்பான்மையின் வாதம். சுதந்திரத்தின் பெயரால் ஒருவனின் நித்திரையை எடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை. 1925இல் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் மாநாடு பேக்கரி இரவு வேலைக்கு எதிராகத் தனியாக ஒரு சமவாயத்தையே ஏற்றுக்கொண்டது. ஒரு சாப்பாட்டுப் பொருளின் பெயரால் உலகத்துக்கே இப்படி ஒரு விதி எழுதவேண்டி வந்ததென்றால், அந்த இரவுகள் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

இந்த எதிர்ப்புகள் எல்லாவற்றுக்கும் முதலாளிகள் கொடுத்த பதிலைக் கவனிக்கவேண்டும். சனங்களுக்குக் காலையில் புதுப் பாண் வேண்டும், மா பொங்க நேரம் எடுக்கும், ஆகவே இரவில் வேலைசெய்யத்தான் வேண்டும், இது இயற்கை. நியாயம்போலத்தான் தெரிகிறது. ஆனால் இதற்குள் இரண்டு வேறு விசயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மா பொங்க இரண்டு மணித்தியாலம் வேண்டும் என்பது இயற்கை. அந்த இரண்டு மணித்தியாலம் நடுச்சாமத்தில் வரவேண்டும் என்பது மனிதர் செய்த ஏற்பாடு. முதலாவதை மாற்ற ஒருவராலும் முடியாது. இரண்டாவதை ஒரு ஆணையால் மாற்றலாம் என்று 1871இல் காட்டினார்கள். இயற்கையின் பெயரைச் சொல்லி ஏற்பாட்டை மறைப்பது பேக்கரி முதலாளிகளின் தனிச்சொத்து அல்ல. எங்கு "பொறு" என்ற சொல் மேலிருந்து கீழே சொல்லப்படுகிறதோ அங்கெல்லாம் இந்த மறைப்பு நடக்கிறது.

எங்கள் வீடுகளையே எடுத்துக்கொள்ளலாம். பாண் எங்களிடம் வந்தது போர்த்துக்கேயரோடு, சொல்லும் அவர்களுடையதுதான். ஆனால் மாவைப் புளிக்கவைக்கிற அறிவு எங்களுக்கு அவர்கள் தந்ததல்ல. உழுந்தும் அரிசியும் ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லில் அரைத்து, இரவு மூடிவைத்தால் காலையில் பொங்கியிருக்கும். வீடு முழுக்க நித்திரைகொள்ளும்போது மா தானாக வேலைசெய்கிறது என்று நாங்கள் நினைத்தோம். அம்மா எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டினார் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. கடைசியாகப் படுத்து முதலாவதாக எழும்பிய அந்த ஒருவரின் இரவில்தான் எங்கள் காலைச் சாப்பாடு புளித்தது. "அம்மாவுக்குப் பொறுமை கூட" என்று பிறகு புகழ்ந்தும் எழுதுகிறோம்.

அப்பத்துக்கு வந்தால் கதை இன்னும் கசப்பு. அப்பமாவைப் பொங்கவைக்க யாழ்ப்பாணத்தில் விட்டது பனங்கள்ளு. கோவாவிலும் போர்த்துக்கேயர் காலத்துப் பாணைக் கள்ளுவிட்டே புளிக்கவைத்தார்கள். கள்ளில் இயல்பாகவே ஈஸ்ற் இருக்கிறது. அந்தக் கள்ளைச் சீவி இறக்கியவர்களை எங்கள் சமூகம் எங்கே நிறுத்தியது? அவர் இறக்கிய கள்ளு குசினிக்குள் போனது. அவர் படலைக்கு வெளியே நின்றார். அந்தக் கள்ளில் பொங்கிய அப்பம் எவருடைய தீட்டையும் கொண்டுவரவில்லை, அவருடைய காலடி மட்டும் கொண்டுவந்தது! கோயிலுக்குள் வரவேண்டும், தேநீர்க்கடையில் மற்றவர்களோடு இருந்து குடிக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டபோது கிடைத்த மறுமொழியும் பொறுமை பற்றியதுதான். காலம் மாறும், மெல்ல மெல்ல எல்லாம் சரிவரும், அவசரப்படாதேயுங்கோ. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறித்து நின்று அடித்தார்கள். நான்கு நிபந்தனையில் ஒன்று குறைந்தால் மா பொங்காது என்று மேலே சொன்னேன். உள்ளே விடாமல் வைத்துக்கொண்டு "காலம் சரிசெய்யும்" என்பது, ஈஸ்ற் போடாத மாவை மூடிவைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்வதற்குச் சமம்.

அப்படியானால் நேரத்தையே குறைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். குறைத்தும் பார்த்தார்கள். 1961இல் இங்கிலாந்தில் சோர்லிவூட் என்ற இடத்திலிருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு முறை கண்டுபிடிக்கப்பட்டது. மாவை வேகமான யந்திரத்தில் சில நிமிடங்கள் கடுமையாக அடித்து, ஈஸ்ற்றைக் கூட்டி, கொஞ்சம் கொழுப்பும் அஸ்கோர்பிக் அமிலமும் சேர்த்தால், முதலாவது நீண்ட பொங்கலை விட்டுவிடலாம். மா யந்திரத்துக்குள் போனதிலிருந்து வெட்டிப் பொதிசெய்த பாணாக வெளியே வர நான்கு மணித்தியாலம்கூடத் தேவையில்லை. இங்கிலாந்தின் மென்மையான கோதுமையையும் அதற்குக் கூடுதலாகப் பயன்படுத்தலாம். பிரித்தானியக் கடைகளில் விற்கிற வெள்ளை அச்சுப் பாணில் மிகப் பெரும்பகுதி இந்த முறையில் வந்ததுதான்.

இந்தப் பாணை இகழ்ந்து பேசுவது இப்போது நாகரிகம். பஞ்சு, ரப்பர், ருசியில்லை என்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். லண்டனுக்கு வந்திறங்கிய எங்கள் குடும்பங்கள் முதல் வருடங்களில் பசியாறியது அந்தப் பாணில்தான். 1970களின் நடுவில் இலங்கையில் ஒரு இறாத்தல் பாணுக்கு விடிய முன்னமே கியூவில் நின்ற ஆட்களுக்கு, எந்தக் கடையிலும் எந்த நேரமும் மலிவாகப் பாண் இருப்பதென்பது சின்ன விசயம் அல்ல. பதினெட்டு மணித்தியாலம் புளித்த பாணை அதைவிடப் பலமடங்கு விலைக்கு வாங்குகிறவர், மற்றவருக்கு மெதுமையின் மகிமையைப் போதிப்பதில் ஒரு கூச்சம் வேண்டும். மெதுமைக்கும் விலை உண்டு. அதைக் கொடுக்க எல்லோராலும் முடியாது.

ஆனால் வேகம் விட்டுக்கொடுத்த அந்த மணித்தியாலங்கள் எங்கே போயின என்று கேட்டுப் பார்க்கவேண்டும். மாவின் நேரம் சுருங்கியபோது தொழிலாளியின் நித்திரை நீளவில்லை. யந்திரம் நிற்காமல் ஓடவேண்டும் என்பதற்காகப் பெரிய பேக்கரிகள் மூன்று முறைவேலையாக இரவும் பகலும் ஓடின. லண்டன் பலகையில் படுத்தவனுக்குக் கிடைத்த அந்த இரண்டு மணித்தியாலமும் இல்லாமற்போயிற்று. மறுபக்கம் பிரான்சில் 1993 செப்ரெம்பர் 13ஆம் திகதி ஒரு ஆணை வந்தது. "பிரெஞ்சு மரபுப் பாண்" என்று பெயர்சொல்லி விற்பதானால் எந்தக் கட்டத்திலும் மாவை உறையவைக்கக்கூடாது, சேர்மானம் எதுவும் கலக்கக்கூடாது என்றது. நல்ல ஆணை, பாணும் திருந்தியது. 2022இல் பகெற் பாணின் கைவினையும் பண்பாடும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஆனால் அந்த ஆணை பேசியது பாணுக்குள் என்ன போகலாம் என்பதைப் பற்றி. அதைப் போடுகிறவனின் இரவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. 1863இல் லண்டன் கொதித்ததும் முதன்மையாக இப்படித்தான். வன்னியில் பேக்கரி வெதுப்பகம் என்று பெயர் மாறியபோதும் இதே கதைதான். பெயரின் தூய்மை பார்க்கப்பட்டது, இரவு பழைய இரவாகவே இருந்தது.

ஆக, நேரம் நீளமா குறுகலா என்பது எங்கள் கேள்வி அல்ல. அந்த நேரத்துக்குள் யார் இருக்கிறார், யாருக்காக இருக்கிறார் என்பதே கேள்வி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பொங்கிய மா இருக்கவேண்டுமென்றால் முதலில் ஒரு வீடு இருக்கவேண்டும். நாளைக் காலையும் இதே இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கை இருக்கவேண்டும். யூதர்களின் பழைய வேதத்தில், எகிப்தைவிட்டு ஓடிய சனங்கள் மா புளிக்க நேரமில்லாமல், பிசைந்த மாவைப் பாத்திரத்தோடு துணியில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு போனதாகச் சொல்லப்படுகிறது. அதை நினைவுகூர்ந்து அவர்கள் வருடாவருடம் புளிக்காத றொட்டி சாப்பிடுகிறார்கள். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்கவேண்டும் என்பது விதி. அகதியின் அவசரத்தை ஒரு சமூகம் நிமிடக் கணக்கில் பாதுகாத்து வைத்திருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அந்தப் பாதையில் பாண் போட்டவர் எவரும் இருந்திருக்க முடியாது. மூன்று கல்லும் ஒரு தட்டும் கிடைத்தால் றொட்டி சுடலாம். றொட்டிக்கு நேரம் வேண்டாம். ஓடுகிறவரிடமிருந்து முதலில் பறிபோவது பொருள் என்பார்கள். அதற்கும் முன்னால் பறிபோவது, ஒன்றை மூடிவைத்துவிட்டு ஆறுதலாகத் திரும்பிவந்து பார்க்கிற அந்த நேரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓடிவந்து சேர்ந்தபிறகு எங்களுக்கு நேரம் ஏராளமாகக் கிடைத்தது. கடிதம் வரும்வரை, விசாரணை வரும்வரை, மேன்முறையீட்டு முடிவு வரும்வரை. பிரான்சில் 1991இலிருந்து தஞ்சம் கேட்டிருப்பவருக்குப் பொதுவாக வேலைசெய்யும் உரிமையும் இல்லாமற்போயிற்று. காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யக்கூடாது என்ற காத்திருப்பு அது. "கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதப்பட்ட கடிதங்களைப் பெற்றவர்கள் இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களிலும் பலர் இருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூடிவைத்த மாவும் முகாமில் இருக்கிற மனிதரும் ஒன்றுதான், இரண்டும் அசையாமல் கிடக்கின்றன. உள்ளே பார்த்தால்தான் வித்தியாசம். மாவுக்குள் ஒவ்வொரு நிமிடமும் ஏதோ சேர்ந்துகொண்டிருக்கிறது. தீனும் சூடும் மறுக்கப்பட்ட மனிதரின் காத்திருப்பில் ஒவ்வொரு நிமிடமும் ஏதோ கழிந்துகொண்டிருக்கிறது. குத்திப்பார்த்தால் குழி நிமிராத கட்டம் மனிதருக்கும் உண்டு. பத்து வருடம் கழித்துக் கிடைக்கிற அனுமதிக் காகிதம் அந்தக் கட்டத்தைக் கடந்தவரிடம் வந்து சேர்கிறதென்றால், அதைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இவ்வளவும் சொன்னதனால் நான் பொறுமைக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். பொறுமையைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்றுதான் சொல்ல வருகிறேன். காத்திருப்பவருக்கு அந்தக் காத்திருப்பில் விளைகிறதில் பங்கு இருக்கிறதா? எப்போது போதும் என்று சொல்லுகிற உரிமை அவர் கையில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பொறுமை நற்குணம்தான். இல்லையென்றால் அது வேறொருவரின் வசதிக்கு நாங்கள் வைத்திருக்கிற அழகான பெயர். ஒருவர் தன்னைப் பார்த்துப் பொறு என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றவரைப் பார்த்துச் சொல்வதற்கு முன்னர், அவருடைய இரவில் நான் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யோசிக்கவேண்டும்.

இயற்கையையும் ஏற்பாட்டையும் பிரித்துப் பார்த்தால் வழி பிறக்கும் என்பதற்கும் மாவே சாட்சி. குளிரில் ஈஸ்ற் சாவதில்லை, மெதுவாகிறது. 4 பாகையில் வைத்த மா 12 மணித்தியாலம், 18 மணித்தியாலம்கூட மெல்ல மெல்லப் புளிக்கும். ருசியும் கூடும். பின்னாளில் பேக்கரிகளுக்குக் குளிர் அறைகள் வந்தபோது, பின்னேரம் உருட்டி வைத்த மாவைக் காலையில் நேரே சுடமுடிந்தது. இரவு வேலை இல்லாமல் காலைப் பாண் கிடையாது என்று நூறு வருடமாகச் சொல்லப்பட்ட வாதம் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். சில இடங்களில் முடிந்தது, தொழிலாளி வீட்டில் படுத்தான். சில இடங்களில் அதே குளிர் அறையைக் காட்டி ஒரு ஆளை நிறுத்திவிட்டு, மிச்ச ஆளைப் பழையபடி இரண்டு மணிக்கே வரச்சொன்னார்கள். யந்திரம் எவருக்கும் நித்திரையைத் தானாகக் கொடுப்பதில்லை. கொடுக்கவேண்டும் என்று மனிதர்தான் முடிவெடுக்கவேண்டும். அப்படி முடிவெடுக்கவேண்டி வந்ததும் பெரும்பாலும் பொறுமை இழந்தவர்களாலேயே.

வீட்டில் இதைச் செய்து பார்ப்பது சுலபம். சனிக்கிழமை பின்னேரம் 500 கிறாம் மாவுக்கு ஈஸ்ற்றை 1 கிறாமாகக் குறைத்துக் குழையுங்கள். நன்றாகக் குழைக்கவேண்டிய அவசியமும் இல்லை. நீண்ட நேரத்தில் வலை தானாகவே பின்னிக்கொள்ளும், கையின் வேலையில் ஒரு பங்கை நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு மூடி பிறிட்ஜுக்குள் வையுங்கள். எல்லோரும் படுங்கள். எல்லோரும் என்று சொன்னது கவனமாகத்தான். ஞாயிறு காலையில் எழும்புகிறவர் வெளியே எடுத்து, உருட்டி, ஒன்றரை மணித்தியாலம் பொங்கவிட்டு, நன்றாகச் சூடேறிய ஓவனில் 230 பாகையில் முப்பது, முப்பத்தைந்து நிமிடம் சுடலாம். அடியில் தட்டினால் வெறும்பெட்டிச் சத்தம் கேட்டால் வெந்துவிட்டது. குழைத்தவரே எழும்பவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. ஒருவர் குழைத்தால் மற்றவர் சுடட்டும். பாணின் ருசிக்கு அது ஒன்றும் செய்யாது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது செய்யும்.